மூன்று வேறு காரணங்கள்

சோமனூரில் பஸ்ஸை விட்டு இறங்கிய ரேணுகாதேவி, அம்மா கொடுத்த பட்டியலை எடுத்துப் பார்க்கவில்லை. ஐந்து வேலைகளும் மனதில் வரிசையாக நின்றன. நான்கு முடிந்துவிட்டன. மிச்சம், சென்னியப்பன் தறிக்குடோனில் வெளுக்காத காடாத் துணி நாலு மீட்டர் வாங்குவது. அதைத் தம்பி சாய்சரண் கடைசியாகச் சேர்த்திருந்தான்.

ஏழு மாதத்துக்கு முன் அவள் பால் வாங்கப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கடைவாசலில் அரைமணி நேரம் நின்றவள். மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடத் தொடங்கிப் பதினோரு வருடம். காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. ஞாபகமும் கவனமும்தான் திரும்பவில்லை. அவற்றை மீட்க வாரம் இரண்டு நாள் பயிற்சி மையத்துக்குப் போகிறாள். அங்கே பயிற்சி தரும் ஷைமா கொடுக்கும் வீட்டுப்பாடம்தான் இந்தப் பட்டியல். வீட்டார் எழுதித் தர வேண்டும், இவள் தனியாக முடித்து வர வேண்டும்.

"எல்லாத்தையும் தனியாப் போய் சரியா வாங்கிட்டு வந்துட்டீன்னா, பூஜிதாவைப் பொண்ணு பார்க்க வாரப்போ உன்னையும் அக்கான்னு பக்கத்துல உக்கார வெக்கிறேன் கண்ணு" என்று அம்மா ராமாமணி சொல்லியிருந்தாள். தங்கைக்குப் பக்கத்தில் அந்த ஒரு நாற்காலிக்காகத்தான் இவ்வளவு பாடும்.

டீக்கடையில் இருந்த மருதாசலத்திடம் குடோனைக் கேட்டாள்.

"அந்தத் தறியெல்லாம் எடைக்குப் போட்டு ரெண்டு வருசமாச்சுங்க அம்மணி. ஆரு அனுப்புனாங்க?"

"போத்தனூரு சாய்சரணுங்க. எந்தம்பி."

மருதாசலம் சிரித்துவிட்டார். "கடைசி மோட்டாரை ஆட்டோவுல ஏத்திட்டுப் போனதே அவருதானுங்களே! ஏப்ரல் ஃபூல் பண்ணிப்போட்டாருங்களா?"

வீட்டுக்கு மூன்று முறை போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை. பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து, ஷைமா கொடுத்த தாளைப் பைக்குள்ளிருந்து எடுத்தாள். சந்தேகம் வந்தால் உடனே நம்பிவிடக் கூடாது, முதல் வரியில் எழுத வேண்டும். அதன் கீழே வேறு மூன்று காரணங்கள். கடைசி வரியில், எந்தக் காரணம் உண்மையாக இருந்தது என்று.

'என்னை வீட்டில் இல்லாமல் செய்ய அனுப்பினார்கள்' என்று எழுதினாள். கீழே: ஒன்று, தம்பி மறந்திருப்பான். இரண்டு, அதே பெயரில் வேறு குடோன் இருக்கும். மூன்றாவதற்கு வெகுநேரம் யோசித்தாள். 'இது என் நோய்.'

கடைசி வரியைக் காலியாக விட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

நாலு மணிக்கு வர வேண்டியவள் பன்னிரண்டரைக்கே வந்துவிட்டாள். சந்துக்குள் நுழையும்போது ஒரு வெள்ளைக் கார் பின்னால் நகர்ந்து வெளியே போனது. காருக்குள் பட்டுப்புடவையும் மல்லிகையுமாக இரண்டு பெண்கள். வீட்டு ஹாலில் ஏழெட்டு டம்ளர்கள், பாதி தின்ற கேசரித் தட்டுகள். பூஜிதா தாமரை நிறப் பட்டில் நின்றிருந்தாள்.

"அதுக்குள்ள வந்துட்டயா?" என்றாள் அம்மா.

"பொண்ணு பார்க்க வந்தாங்களாம்மா?"

"ஆரு வந்தா? ஒருத்தரும் வரலையே."

"கார்ல போனாங்களே..."

"எந்தக் காரு?" என்ற சாய்சரண் அம்மாவைப் பார்த்தான். "மறுபடியும் ஆரம்பிச்சிருச்சும்மா. இனி வார்டுலதான் சேர்க்கோணும்."

ராமாமணி ஷைமாவுக்குப் போன் போட்டாள். "இல்லாத காரு, இல்லாத ஆளுகன்னு பேசறா கண்ணு. நீயே கேளு." போன் ரேணுகாவின் கைக்கு வந்தது.

"பயப்படாதீங்க அக்கா" என்றாள் ஷைமா. "ரொம்ப நம்பற ஒருத்தர்கிட்டக் கேட்டுப் பாருங்க."

ரேணுகா தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். சின்ன வயதில் இவள் மடியில் தூங்கியவள். பூஜிதா வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"யாரும் வரலைக்கா."

"சரிங்க ஷைமா. கேட்டுட்டேன்" என்று போனை வைத்தாள் ரேணுகா.

நோய் திரும்பினால் கொடுக்கச் சொல்லி டாக்டர் தந்திருந்த மாத்திரையை அம்மா எடுத்து வந்தாள். அதைப் போட்டால் இரண்டு நாள் தூக்கம், ஒரு வாரம் நாக்குத் தடிப்பு. சேர்த்து வைத்த ஞாபகமெல்லாம் கலைந்துபோகும்.

ரேணுகா தாளை எடுத்தாள். கடைசி வரியில் 'மூன்றாவது காரணம்' என்று எழுதி, தம்பி பார்க்கும்படி மேசைமேல் வைத்தாள். மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டாள்.

"நிச்சயத்தன்னிக்கு இன்னும் தூரமா ஈரோட்டுக்கு அனுப்புங்கம்மா" என்றாள். "சோமனூரெல்லாம் சீக்கிரம் முடிச்சுப்போடறேன் நானு."

பூஜிதா விருட்டென்று உள்ளே போனாள்.

அம்மா டம்ளரை நீட்டினாள். "இன்னொரு வாய் தண்ணி குடி. தொண்டையிலயே நிக்கப்போகுது."