துமினி வீட்டுக் கட்டில்

பேருந்து சந்து முனையில் வந்து நின்றதுமே துமினி கட்டில் விரிப்பை மூன்றாம் தடவையாக இழுத்துச் சரிசெய்தாள். இன்று வருவது ரசிகர்கள் மட்டுமல்ல. கெரொஞ்சோங் என்ற பழைய ஜாவா இசையில் பேர்போன பாடகர் மார்சுடியே வருகிறார், நாற்பது வருஷம் கழித்து, தான் பிறந்த வீட்டைப் பார்க்க. அந்த வீடோ பக்கத்து வீடு. இப்போது அது மோட்டார் சைக்கிள் பட்டறை.

எல்லாம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் ஆரம்பித்த வினை. செமாராங் நகரத்திலிருந்து வந்த ரசிகை எண்டாங் அம்மாள், "இதுதானே அவரு வீடு?" என்று கேட்டபடியே நிலையைத் தடவி அழுதுவிட்டாள். அழுகிற விருந்தாளியின் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல சோலோ ஊரில் யாருக்கு வாய் வரும்? "ஆமாங்க" என்றாள் துமினி. தேநீரும் கொடுத்தாள். "இந்தக் கட்டில்லயா பொறந்தாரு?" அதற்கும் ஆமாங்க. பிறகு மாதம் தவறாமல் ஒரு கூட்டம். அவள் படுத்துறங்கும் கட்டிலுக்கு மல்லிகை மாலை வேறு.

"இன்னிக்கு உன் வண்டவாளம் தண்டவாளத்துல ஏறப்போகுது," என்றான் புருஷன் பார்ஜோ. "நான் பட்டறைப் பக்கம் போயிடறேன், தாயே."

"போங்க, போங்க. கட்டில்ல படுக்கறப்ப மட்டும் ரெண்டு பேரு, மானம் போறப்ப நான் ஒருத்தியா?"

மார்சுடி இறங்கினார். பட்டறையைப் பார்த்து ஒரு நொடி நின்றார். அதற்குள் எண்டாங் அவர் கையைப் பிடித்துத் துமினி வீட்டுக்குள் இழுத்து வந்துவிட்டாள். பின்னால் முப்பது பேர், முப்பது செல்போன்.

"ஐயா, நீங்க பொறந்த கட்டில் இதுதானுங்களே? ஒவ்வொரு தடவையும் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் போவேன்!"

இப்போதே சொல்லிவிட வேண்டும். இத்தனை பேர் முன்னால் பொய்க்காரி ஆனாலும் பரவாயில்லை. "ஐயா, வந்து..." என்று துமினி வாயெடுத்தாள். முப்பது செல்போனும் அவள் பக்கம் திரும்பின.

மார்சுடி கட்டிலைப் பார்த்தார். துமினியின் கல்யாணத்துக்கு வாங்கியது. தலைமாட்டில் கண்ணாடி, அதன் மூலையில் கடைக்காரன் ஒட்டிய சீட்டு. வியர்த்துக் கொட்டும் துமினியைப் பார்த்தார். கண் நிறைந்து நிற்கும் எண்டாங்கைப் பார்த்தார்.

அவரும் சோலோக்காரர்தானே.

"ஆமாங்க," என்றார். "இதேதான்."

வீடே ஆரவாரித்தது. அந்தச் சத்தத்தில் அவர் துமினியின் பக்கம் குனிந்தார். "தங்கச்சி, நாங்க ஆறு பேரும் பாயிலதான் பொறந்தோம். கட்டிலுக்கு எங்க போறது?"

"மன்னிச்சுக்கோங்க அண்ணே, அந்தம்மா அழுதுட்டாங்க, அதான்..."

"எனக்குத் தெரியாதா? அப்போ எங்க வீட்டுக்கு வந்தவங்களுக்குக் குடுக்க டீத்தூளுக்கே வழியிருக்காது. என் பேரைச் சொல்லி நீங்களாவது டீ குடுக்கறீங்க. இவங்க போனப்புறம் பட்டறைய ஒருவாட்டி பாக்கணும், கூட வாங்க."

துமினிக்கு உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் சேர்ந்தே வந்தது.

"ஐயா!" சமையலறையிலிருந்து எண்டாங் கூவினாள். "மொத மொதல்ல பாடினது இந்த அடுப்புக்கிட்டதானே?"

"ஆமாங்க!" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.