தட்டில் இருந்த திராட்சை

அன்று ஞாயிற்றுக்கிழமை, பகல் சாப்பாடு முடிந்திருந்தது. கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். சன்னலோரம் கை வைத்த நாற்காலியில் மாமனார். தராசு பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் வெளிச்சம் எங்கே விழுகிறதோ அங்கேதான் உட்காருவார். சோபாவின் மூலையில் அவருடைய மூத்த மகன், பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். தரையில், பிரிட்ஜுக்கு முதுகைக் கொடுத்துக் கால் நீட்டியபடி இளைய மகன். அவனை எல்லோரும் நெட்டை என்பார்கள். பாதிக் கூடத்தை அவன் கால்களே அடைத்துக்கொண்டதால் அந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சாப்பாட்டு மேஜையில், சமையலறைக்கு முதுகு காட்டி மருமகள், மூத்த மகனின் மனைவி. அவளுக்கு முன்னால் கோடு போட்ட தாள், பேனா, வந்த கடிதம் ஒன்று.

ஐந்தாவதாக ஒரு பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது. அந்த வீட்டின் மூத்த பெண் வரும்போது அதில் உட்காருவாள். அவள் வராத நாளிலும் வேறு யாரும் அதில் உட்காருவதில்லை. நடுவே முக்காலியில் ஒரு வெள்ளைத் தட்டு, அதில் கறுப்புத் திராட்சை. அது எல்லோர் கைக்கும் எட்டியது.

கடிதம் அந்த மூத்த பெண்ணிடமிருந்துதான் வந்திருந்தது. அவளுக்குச் சிறுநீரகம் மாற்றியிருந்தார்கள். இன்னும் பார்வையாளர்களை உள்ளே விடவில்லை. அடுத்த வாரம் வார்டிலிருந்து அனுப்பிவிடுவார்கள், ஆனால் சில மாதங்கள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்க வேண்டும். தம்பிகளின் வீடு பக்கம். மருத்துவமனை விடுதி அதைவிடப் பக்கம். கடிதத்தை அவள் தம்பிகளுக்கு எழுதவில்லை, தம்பி மனைவிக்கு எழுதியிருந்தாள்.

"அவர்களைக் கேட்டால் வா அக்கா, வா அக்கா என்று மட்டும் சொல்வார்கள். அதனால் உன்னைக் கேட்கிறேன். எனக்குக் கொடுத்திருக்கும் மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து வைக்கும். சின்ன அழுக்கும் எனக்குப் பெரிய வினை. உன் வீட்டில் பழமும் பச்சைக் காய்கறியும் கழுவித்தான் சாப்பிடுகிறீர்களா? யார் கழுவுகிறார்கள், எப்படி? போனில் எல்லோரும் நல்லவர்கள், ஆகவே எழுதி அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு உங்கள் வீடா, விடுதியா என்று முடிவு செய்கிறேன்." உடன் மருத்துவமனை அச்சடித்துக் கொடுத்த ஒரு குறிப்புத் தாளும் இருந்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் கணவர், ஒரு திராட்சையை வாயில் போட்டுக்கொண்டு. "கழுவித்தான் சாப்பிடறோம்னு எழுது. ரெண்டு வரி. வேலை முடிஞ்சுது."

"யார் கழுவறாங்கன்னும் கேட்டிருக்காங்களே."

"நீதான். வேற யாரு?"

"சமைக்கிற காயை நான் கழுவறேன். நின்னுக்கிட்டு எடுத்து வாயில போட்டுக்கறீங்களே, அந்த வெள்ளரிக்காய், தக்காளி, பழம் எல்லாம்?"

"அண்ணி, ஆப்பிளை நான் சட்டையில ஒரு தேய் தேய்ச்சேன்னா முகம் பார்க்கலாம்," என்றான் நெட்டை. "அதையும் சேர்த்து எழுதுங்க."

"முதல்ல அந்தச் சட்டையைக் கழுவுடா," என்றார் மாமனார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, தோல் சீவற பழத்தை எதுக்குக் கழுவணும்? தோலையா திங்கப் போறோம்?"

மருமகள் குறிப்புத் தாளைப் பார்த்துச் சொன்னாள். "சீவறதுக்கு முன்னாடியும் கழுவணுமாம் மாமா. மேல இருக்கறதைக் கத்தியே உள்ள கொண்டு போயிடுமாம்."

"கத்திக்கு இந்த வேலை வேறயா!" என்று மாமனார் இன்னும் இரண்டு திராட்சையைக் கிள்ளிக்கொண்டார்.

"சோப்பு, பாத்திரம் தேய்க்கிற பவுடர் எதுவும் போடக் கூடாது. ஓடுற தண்ணியில தேய்ச்சுக் கழுவினா போதும். சாப்பிடப் போற நேரத்துலதான் கழுவணும். முன்கூட்டியே கழுவி ஈரத்தோட வச்சா சீக்கிரம் அழுகிடும்."

"பார்த்தியா? சுலபம்தான்," என்றார் கணவர். "எழுது."

அவள் எழுத ஆரம்பித்தாள். அந்த வீட்டுக் கடிதங்கள் எல்லாம் அவள் எழுதுவதுதான். கையெழுத்து அச்சுப் போல இருக்கும். 'மதிப்பிற்குரிய அக்காவுக்கு' என்று தொடங்கி, நலம் கேட்டு, 'எங்கள் வீட்டில் பழங்களைக் கழுவித்தான் சாப்பிடுகிறோம்' என்பது வரை வந்தாள். அடுத்து 'யார்' என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். பேனா நின்றது. அவள் முக்காலியைப் பார்த்தாள்.

"இந்தத் திராட்சையைக் கழுவினது யாரு?"

தட்டை நோக்கிப் போன நெட்டையின் கை பாதியில் நின்றது. "நீங்க கழுவலையா அண்ணி?"

"நான் காலையிலேருந்து அதைத் தொடவே இல்ல. வாங்கிட்டு வந்தது நீ."

"வாங்கிட்டு வந்தேன், தட்டுல வச்சேன். நீங்க எடுத்துக் கழுவிட்டுத் திரும்ப வச்சிருப்பீங்கன்னு..."

"தட்டுல இருந்தா கழுவினதுன்னுதானே அர்த்தம்?" என்றார் கணவர். வாயில் இருந்ததை மென்று முடிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தார்.

அதுதான் அந்த வீட்டின் ஏற்பாடு. கடையிலிருந்து வருவது சமையலறை மூலையில் உள்ள கம்பிக் கூடைக்குப் போகும். கழுவியது வெள்ளைத் தட்டுக்கு வரும். கூடையில் இருந்தால் கழுவாதது, தட்டில் இருந்தால் கழுவியது. கல்யாணமாகி வந்த புதிதில் மருமகளே செய்த ஏற்பாடு.

"ஏன்டா கூடையில வைக்கல?"

"கூடை எங்க அண்ணி காலியா இருக்கு? அப்பா அதுல ஆணி, ஸ்பிரிங் எல்லாம் போட்டு வச்சிருக்காரே."

எல்லோரும் மாமனாரைப் பார்த்தார்கள். அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். "தராசு சாமானுக்கு ஒரு பெட்டி வேணும்னு கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. கூடை சும்மாத்தான் கிடந்துச்சு, எடுத்துக்கிட்டேன்."

"எப்போ மாமா?"

"இப்போன்னு சொல்ல முடியாது. போன மழைக்கு முன்னாடி."

மருமகள் பேனாவை மூடி வைத்தாள். மழை வந்து, போய், வெயிலும் வந்தாயிற்று. சமையல் காயை வந்ததும் நேரே குழாயடிக்கு எடுத்துப் போய்விடுவதால், கூடை இடம் மாறியதை அவள் கவனிக்கவே இல்லை. அத்தனை நாளும் கடைப்பழம் நேரே தட்டுக்கு வந்திருக்கிறது. தட்டில் இருப்பதால் கழுவியது என்று நான்கு பேரும் எடுத்துத் தின்றிருக்கிறார்கள். அவளும்தான். அவள் வேலை செய்வது சட்டை தைக்கும் தொழிற்சாலையில், சரிபார்க்கும் மேஜையில். முன்மேஜைக்காரி பார்த்திருப்பாள் என்று நம்பி ஒரு சட்டையைத் தள்ளிவிடக் கூடாது என்பது அங்கே முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பது அவள்தான்.

எழுந்து தட்டைச் சமையலறைக்கு எடுத்துப் போனாள். மற்ற மூவரும் பின்னாலேயே வந்தார்கள். குழாயைத் திறந்து, அடியில் ஒரு வெள்ளைக் கிண்ணத்தை வைத்து, மிச்சத் திராட்சையைக் கொத்துக் கொத்தாகப் பிடித்து விரலால் தேய்த்தாள். கிண்ணத்தில் தண்ணீர் சாம்பல் நிறமாயிற்று. ஒரு சருகுத் துண்டும், சணல் நூல் ஒன்றும், கால்களோடு ஒரு சின்னப் பூச்சியும் மிதந்தன.

"இதையா இவ்வளவு நேரம் தின்னுக்கிட்டிருந்தோம்?" என்றான் நெட்டை.

"இவ்வளவு நாளான்னு கேளு," என்றார் மாமனார்.

கணவர் வாசல் பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தார். "சரி, தப்புதான். நாம யாரும் சாகலையே? இன்னையிலேருந்து கழுவுவோம். அப்போ கழுவறோம்னு எழுதறது பொய் இல்லையே? தாளைக் கிழிக்க வேண்டாம்."

"அவங்க கேட்டது இன்னையிலேருந்துன்னு இல்ல."

"வேற என்ன எழுதப் போற?"

"இல்லைன்னுதான்."

"இல்லைன்னு எழுதினா அவ விடுதிக்குப் போயிடுவா." கணவர் குரலைத் தாழ்த்தினார். அவர் கோபத்தில் கத்துகிறவர் அல்ல, தாழ்த்துகிறவர். "அதுதானே உனக்கு வேணும்? எனக்குத் தெரியாதா என்ன?"

நெட்டை கூடத்துக்குப் போய் பிரிட்ஜைத் திறந்து உள்ளே எதையோ தேட ஆரம்பித்தான். மாமனாருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

மருமகள் குழாயை மூடினாள். அப்படி இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். நாத்தனாருக்கு நெட்டை வைத்த பெயர் தணிக்கை. வந்து இறங்கியதும் அலமாரித் தட்டில் விரலை இழுத்துப் பார்ப்பாள். ஒருமுறை வீடு நிறைய விருந்தாளிகள் இருந்தபோது, மருமகள் கழுவிக் கவிழ்த்து வைத்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவர்கள் பார்க்கவே மறுபடி கழுவினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் மறந்திருக்கலாம். அந்த மனுஷி சில மாதங்கள் இதே கூடத்தில், பிரம்பு நாற்காலியில்.

மேஜைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கழுவுகிறோம் என்று எழுதினால் தன் மானம் தப்பும், அந்த அம்மாளின் உயிர் தட்டின் மேல் நிற்கும். இல்லை என்று ஒரே சொல்லை எழுதினால் அது உண்மை. ஆனால் அந்த உண்மை தனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. பார்த்தவுடன் சரி என்று தள்ளிவிடத் தோன்றும் சட்டையைத்தான் இரண்டு தடவை திருப்பிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தாள்.

"நெட்டை, அந்தக் கூடையைக் காலி பண்ணு. மாமாவுக்கு ஒரு பிஸ்கட் டப்பா கொடு. என்னங்க, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க."

மூவரும் சொன்னதைச் செய்தார்கள். அவள் எழுதி முடித்து, வழக்கப்படி, உரக்கப் படித்தாள்.

"மதிப்பிற்குரிய அக்காவுக்கு. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: இல்லை. சமைக்கும் காயைக் கழுவுகிறோம். பழத்தையும் பச்சையாகத் தின்னும் காயையும் கழுவுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். உங்களுக்கு இந்தப் பதிலை யோசித்தபோதே கழுவாத திராட்சையை நாலு பேரும் தின்றுகொண்டிருந்தோம். ஆளுக்கு ஆள் அடுத்தவர் கழுவியிருப்பார் என்று நம்பியதுதான் காரணம். இனிமேல் தட்டில் இருப்பது கழுவியது என்ற பேச்சு கிடையாது. எது எங்கே இருந்தாலும், சாப்பிடுகிறவர் சாப்பிடும் நேரத்தில் குழாயடியில் கழுவ வேண்டும். உங்களுக்கு உள்ளதை நான் கழுவுவேன். நான் வேலைக்குப் போகும் நாளில் உங்கள் தம்பி கழுவுவார். அவரிடம் இன்னும் கேட்கவில்லை."

"இப்போ கேட்டுட்டியே," என்றார் கணவர்.

"இது இன்று தொடங்கிய பழக்கம். நாளை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. விடுதி இதைவிடச் சுத்தமாக இருக்கலாம். முடிவு உங்களுடையது. நீங்கள் வர வேண்டாம் என்பதற்காக இதை எழுதவில்லை. வந்தால், டம்ளரை மறுபடி கழுவ வேண்டும் என்று தோன்றினால் கழுவிக்கொள்ளுங்கள். நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்."

அந்த இடத்தில் நிறுத்தினாள். பேனாவை எடுத்துக் கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டு, மேலே எழுதினாள்: "நினைத்தாலும் சொல்ல மாட்டேன்."

நெட்டை சிரித்தான். கணவர் சிரிக்கவில்லை, ஆனால் சோபாவிலிருந்து எழுந்து வந்து தாளை வாங்கி முழுவதும் ஒருமுறை படித்தார். "வாங்கன்னு ஒரு சொல் இல்லையே?" என்றார். இப்போது குரல் இயல்பாக இருந்தது.

"வாங்கன்னு நீங்க எழுதுங்க. உங்க அக்கா."

அவர் அடியில் எழுதினார். மாமனாரும் தாளைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, 'கூடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்' என்று எழுதி, தேதியோடு கையெழுத்துப் போட்டார். முத்திரை போட்ட தராசுக்குச் சான்று கொடுக்கிற மாதிரி இருந்தது.

உறையின் வாயில் பசை சரியாக ஒட்டவில்லை. அழுத்துவதற்குக் கனமாக ஏதாவது கேட்டாள். நெட்டை கைக்கு அகப்பட்ட பூசணிக்காயைத் தூக்கி வந்து உறையின் மேல் வைத்தான். எடுத்துப் பார்த்தபோது உறை நன்றாக ஒட்டியிருந்தது. முகவரிக்கு மேலே பூசணிக்காயின் மண்ணும் வட்டமாக ஒட்டியிருந்தது.

மருமகள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஓரத்தைக் கிழித்துக் கடிதத்தை வெளியே எடுத்தாள்.

"கடுதாசியையும் கழுவணுமா?" என்றார் கணவர்.

"வார்டுக்குப் போறது."

கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் புது உறை எடுத்தாள். முகவரியை மறுபடி எழுதி, பசை தடவி, இந்த முறை உள்ளங்கையாலேயே அழுத்திப் பிடித்தாள். ஒட்டியது என்று தெரிந்ததும் நெட்டையிடம் கொடுத்தாள். அவன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, உறையை விளிம்பில் பிடித்தபடி படியிறங்கி, மருத்துவமனை வாசலில் கொடுக்கக் கிளம்பினான்.