கன்னத்துப் பொட்டு

ராமநாதபுரத்தில் கோகிலாவைப் போல வெப்சைட் வடிவமைக்க ஆளில்லை. அவளைப் போல இழுத்தடிக்கவும் ஆளில்லை. ஒரு கோடு மயிரிழை பிசகினால் அவளுக்குச் சோறு இறங்காது.

இந்தத் தடவை வந்தவரும் சளைத்தவர் இல்லை. கடலாடி மிளகாய் வியாபாரி வேல்ராஜ், வெப்சைட்டின் சிவப்பு நிறத்துக்கே நாலு நாள் பேரம் பேசினார்.

“இது சம்பா மிளகாய்ச் செவப்பு, தாயி. நம்ம சரக்கு குண்டு மிளகாய். இன்னும் கொஞ்சம் கருக்க விடு.”

“இன்னும் ரெண்டு நா வெயில்ல காயப்போடவாண்ணே?”

“போடு. காசா பணமா.”

ஒருவழியாகச் சிவப்பு படிந்தது. முகப்புப் படத்தில் அவருடைய பத்து மாதப் பெண் சிநேகா, மிளகாய்க் குவியலுக்கு முன்னால் சிரித்தாள். இடது கன்னத்தில் கண்ணேறுக்கு வைத்த மைப்பொட்டு. பெரிய திரையில் அது உறுத்தியது. புதன் காலை பதினோரு மணிக்குக் கோகிலா அதைத் துடைத்தெடுத்தாள். கன்னம் பளிங்காயிற்று.

பன்னிரண்டு மணிக்கு ஹீட்மேப்பைத் திறந்தாள். பார்ப்பவர்களின் விரல் வெப்சைட் பக்கத்தில் எங்கே படிகிறது என்று சிவப்பாகக் காட்டும் கருவி அது. பக்கம் இன்னும் வெளியாகவில்லை. அதன் முகவரி அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனாலும் நானூறு பேர் பார்த்திருந்தார்கள். அத்தனை பேரும் ஒரே இடத்தை: குழந்தையின் இடது கன்னம். அவள் கண்ணெதிரே நானூறு ஆயிரமானது.

வேல்ராஜ் போனில் வந்தார். குரலில் வியாபாரம் இல்லை.

“வெப்சைட்ட அப்புறம் பாப்பம், தாயி. பதினோரு மணியில இருந்து புள்ளைக்கு அனலாக் கொதிக்குது. கண்ணத் தொறக்க மாட்டேங்குறா. ஆசுபத்திரியில இருக்கேன்.”

“பொட்டு வச்சிருக்கீகளாண்ணே?”

“மூணு வாட்டி வச்சாச்சு. நிக்க மாட்டேங்குது.”

கோகிலா அவசரமாகப் படத்தில் ஒரு பொட்டு வரைந்தாள். பழக்கதோஷம், நடு அளந்து, விளிம்பைச் சீராக்கி, முழு வட்டமாக வைத்தாள். எண்ணிக்கை நிற்கவில்லை. மூவாயிரம். அழகைக் கெடுக்க வைக்கிற பொட்டை அழகாக வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. வாழ்நாளில் முதல்முறையாகக் கோணலாக, அப்பிய மாதிரி, ஒரு பக்கம் வழியவிட்டு இழுத்தாள்.

எண்ணிக்கை நின்றது.

“கண்ணத் தொறந்துட்டா, தாயி. பொட்டும் நிக்குது.” வேல்ராஜுக்கு மூச்சு வாங்கியது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். சிவப்புத் திட்டு கன்னத்திலிருந்து நகர்ந்து, பக்கத்தின் அடிக்கு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே ‘வடிவமைப்பு: கோகிலா’ என்று நகக்கண் அளவில் அவள் படம். அதிலிருந்த மோவாய் மச்சத்தை, அசிங்கமாக இருக்கிறதென்று போன வருஷம் அவளேதான் துடைத்திருந்தாள்.

திட்டு அவள் முகத்தில் வந்து நின்றது. எண் மறுபடி ஓடத் தொடங்கியது.

மோவாயைத் தடவிப் பார்த்தாள். மச்சம் இருந்த இடம் வழுவழுவென்று, சூடாக இருந்தது.