முறுக்காத கை

எலும்பைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கறிக்கடை வைத்திருக்கிறேன். தொடை எங்கே விட்டுக்கொடுக்கும், முதுகெலும்பு எந்தக் கணுவில் பிரியும் என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதனால்தான் என் வீட்டுக்காரியின் முதுகெலும்பைத் திறக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது முடியாது என்றேன்.

அவளுக்கு இடுப்புப் பக்கம் எலும்பு தடித்துப்போய் உள்ளே ஓடுகிற நரம்பை நெரிக்கிறதாம். முதலில் கால் மரத்தது. பிறகு வலது பாதம் மேலே எழ மறுத்தது. நடந்தால் விரல்கள் தரையைக் கூட்டிக்கொண்டு போகும். அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் சுவர், கதவு, நாற்காலி என்று எல்லாவற்றையும் பிடிப்பாள். ஒரு நாள் பாதத்தில் கொதிக்கிற தண்ணீர் சிந்தியது. நான் அலறிய பிறகுதான் அவள் குனிந்து பார்த்தாள்.

"இதுக்கு மேல தள்ளிப்போட்டா, ஆபரேஷன் பண்ணினாலும் கால் திரும்பி வராதுங்க" என்றார் டாக்டரம்மா. நடுத்தர வயதுப் பெண். குள்ளம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இருப்பதுபோல் சின்னச் சின்ன விரல்கள். அந்தக் கையைப் பார்த்ததும் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. என் வெட்டுக்கத்தியை அந்தக் கையால் தூக்கி நிறுத்தக்கூட முடியாது.

எலும்பு மரம் மாதிரி இல்லை. மரத்துக்கு ஒரு ஓட்டம் உண்டு, அதைப் பார்த்து வெட்டலாம். எலும்பு தெறிக்கும், சில்லு சில்லாகப் போகும். எலும்பில் இறங்கின கத்தி எங்கே போய் நிற்கும் என்பது வெட்டுகிறவனுக்கே தெரியாது. ஆட்டின் முதுகை இரண்டாகப் பிளக்கும்போது நடுவில் ஓடுகிற வெள்ளைத் தண்டு நசுங்கி வழிவதைத் தினமும் பார்க்கிறவன் நான். அந்தத் தண்டுக்குப் பக்கத்தில் கத்தி வைக்கிறேன் என்று ஒருத்தர் சொன்னால், சரி வைத்துக்கொள்ளுங்கள் என்று எப்படிச் சொல்வது?

வீட்டில் அவளும் அவள் தம்பியும் சேர்ந்துகொண்டார்கள்.

"மச்சான், நீங்க பஸ்ல ஏறினாக்கூட டிரைவர் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் உக்காருவீங்க" என்றான் அவன்.

"அதனாலதான்டா மாப்ளே இன்னும் உசுரோட இருக்கேன்."

"ஆமா, பாதி வழியில எறங்கி நடந்தே வந்திருக்கீங்க."

அவள் சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, வலது காலை இரண்டு கையாலும் தூக்கி மேலே வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மூட்டையைத் தூக்கி வைப்பதுபோல.

"முதுகு யாருது? என்னுது. கையெழுத்த நானே போட்டுடுவேன்" என்றாள். "ஆனா நீங்க வெளிய மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, உள்ள எனக்கு மயக்க மருந்து ஏறாது. உங்களுக்கு என்ன சந்தேகமோ அத அந்தம்மாகிட்டயே போய்க் கேளுங்க. என்கிட்ட கத்தி என்ன பண்ணும்னு சொல்லிச் சொல்லியே என் பாதி உசுரு போச்சு."

மறுநாள் காலையிலேயே டாக்டரம்மா முன்னால் போய் நின்றேன்.

"நீங்க வெட்டறத நான் பாக்கணும்."

"தியேட்டருக்குள்ள உங்கள விட முடியாதுங்களே, ஐயா."

"என் வீட்டுக்காரிய வெட்டறதச் சொல்லல. நான் எலும்பு கொண்டாறேன். ஆட்டு முதுகு. அதுல நீங்க சொன்ன வேலையச் செஞ்சு காட்டுங்க. உள்ள இருக்கற தண்டு கிழியக்கூடாது."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். சிரித்தார். "எங்க புது டாக்டருங்க பழகறதே ஆட்டு எலும்புலதான். இந்தத் தெருமுனைக் கடையில வாங்கறோம்."

"யாரு, பச்சைப் பலகை போட்ட கடையா? அவன் தண்ணி ஊத்தி எடை போடறவனாச்சே!"

"எலும்புக்குள்ள எங்கங்க தண்ணி ஊத்தறது?"

"அவன் ஊத்துவான்."

மத்தியானம் வரச் சொன்னார். நான் சும்மா போகவில்லை. இருக்கிறதிலேயே கிழட்டுக் கிடாயாகப் பார்த்து, அதன் இடுப்புப் பக்கத்து முதுகெலும்பை முழுசாக எடுத்து ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு போனேன். என் கத்தியே அதில் இரண்டு தரம் துள்ளும். பார்க்கலாம் என்று நினைத்தேன்.

பழகுகிற அறை ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது. ஓர் எஃகு மேசை, கழுத்து நீண்ட விளக்கு, கழுவுகிற தொட்டி, சுவரில் மங்கிப்போன ஒரு கடிகாரம். மேசை மேல் ஒரு தட்டு, தட்டுக்குக் காவலாக ஒரு நர்ஸ். கனத்த பெண். அவளை எல்லோரும் 'பூட்டு' என்றுதான் கூப்பிட்டார்கள். யாராவது அவள் தட்டிலிருந்து ஒரு கருவி எடுத்தால் அது திரும்பி வருகிற வரைக்கும் எடுத்தவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

டாக்டரம்மா எலும்பைத் தட்டிப் பார்த்தார். "வயசான கிடா போல. நல்ல கெட்டி."

"கண்டுபிடிச்சிட்டீங்க."

"பரவால்ல. மனுஷங்களும் வயசானவங்கதான் எங்ககிட்ட வர்றாங்க."

தட்டில் என்ன பெரிதாக இருந்துவிடப்போகிறது என்று எட்டிப் பார்த்தேன். உளிகள் வரிசையாகக் கிடந்தன. தச்சன் உளிக்கு ஒரு பக்கம்தான் சரிவு. இதில் சிலதுக்கு இரண்டு பக்கமும் சரிவு, நேராக இறங்குவதற்கு. உளியின் உடம்பில் கோடு கோடாக அளவு போட்டிருந்தது, எவ்வளவு ஆழம் போயிற்று என்று பார்க்க. பக்கத்தில் ஓர் இடுக்கி. அதற்கு ஒரு கீல் இல்லை, இரண்டு கீல். கையில் எடுத்து அமுக்கினேன். ஒரு குழந்தை அமுக்குகிற அளவு அமுக்கினால் போதும், வாய் நாய் மாதிரி கவ்வுகிறது. விரல் நகத்தில் முனையை வைத்துக் கூர் பார்க்கப் போனேன்.

"பெரியவரே! கூர் பாக்க நகம்தான் கெடச்சுதா?" பூட்டு என் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள்.

"எங்க கடையில அப்படித்தாம்மா பாப்போம்."

"அதான் உங்க நகம் இந்த லட்சணத்துல இருக்கு."

அதற்குப் பிறகு டாக்டரம்மா எடுத்ததுதான் நான் கண்டிராத சாமான். பேனாவைவிடக் கொஞ்சம் நீளமான மெல்லிய தண்டு, பின்னால் துப்பாக்கிபோல் ஒரு பிடி. யாரோ ஓர் ஆளின் பெயரைச் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. பூட்டு அதைப் பன்ச் என்றாள். முனையில் கீழே ஒரு சின்ன உதடு, நகத்தின் அளவுகூட இல்லை. பிடியை அமுக்கினால் மேலே இருக்கிற பாதி வழுக்கிக்கொண்டு வந்து அந்த உதட்டில் உட்காருகிறது. கூர் மேலே வருகிற பாதிக்குத்தான். கீழ் உதட்டின் அடிப்பக்கம் மழுக்கம், வழவழ என்று இருந்தது. தடவிப் பார்த்தேன்.

"இது ஏன் மழுங்கியிருக்கு?"

"அதுதான் நரம்பு பக்கம் இருக்கும். எலும்புக்கு அடியில இந்த உதட்ட நுழைப்போம். அது நரம்பைத் தள்ளிப் பிடிச்சுக்கும். கடிக்கறது மேலேர்ந்து வரும். அதனால கத்தி நரம்பப் பாத்துப் போகவே போகாது. அந்த உதட்டுல வந்து முட்டி நின்னுடும்."

பிடியை இன்னொரு தரம் அமுக்கிப் பார்த்தேன். என் கத்தி மேலிருந்து கீழே போகிறது, எங்கே நிற்கும் என்று தெரியாது. இதைச் செய்த ஆள் அந்தப் பயத்தை எப்போதோ பட்டுவிட்டு, கத்தி நிற்கிற இடத்தையே முதலில் வைத்துவிட்டான். எந்த ஊர் ஆளோ, கெட்டிக்காரன்.

டாக்டரம்மா ஆரம்பித்தார். முதலில் இரண்டு கீல் இடுக்கியால் மேல் முகட்டைக் கடித்து எடுத்தார். பிறகு அந்தப் பன்ச். உதட்டை எலும்புக்கு அடியில் விட்டார். உடனே கடிக்கவில்லை. முன்னும் பின்னும் துளி அசைத்துப் பார்த்தார்.

"எதுக்கு ஆட்டறீங்க?"

"சவ்வையும் சேத்துப் பிடிச்சிருக்கோமான்னு பாக்க. சேந்திருந்தா கூட வரும்."

அப்புறம்தான் கடித்தார். 'நறுக்' என்று ஒரு சத்தம், பாக்குவெட்டியில் பாக்கு உடைகிற மாதிரி. வெளியே எடுத்தார், பூட்டு ஈரத் துணியால் வாயிலிருந்த துணுக்கைத் துடைத்தாள். மறுபடி உள்ளே, மறுபடி அசைப்பு, மறுபடி நறுக். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. கருவி வெளியே வருகிற இடத்தில் துணி ஏற்கெனவே காத்துக்கொண்டிருந்தது. ஒரு துணுக்கு அரிசியளவு இருந்தால் பெரிது. எலும்பு வெட்டுவது என்றால் பலம் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். இங்கே பலத்துக்கு வேலையே இல்லை. பொறுமை மட்டும்தான் கடித்தது.

கிழட்டுக் கிடாயின் முதுகில் ஒரு ஜன்னல் திறந்தது. உள்ளே சவ்வு மூடிய தண்டு, ஈரமாக, மினுமினுவென்று, ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது. இத்தனை வருடத் தொழிலில் அதை நான் முழுசாகப் பார்த்ததே இல்லை. கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு பார்த்தேன். தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை.

"குடுங்க, நான் ஒரு கடி கடிக்கறேன்" என்றேன்.

பூட்டு டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா தலையசைத்தார்.

முதல் கடி நன்றாகத்தான் விழுந்தது. எனக்கே பெருமை. இரண்டாவது கடியில் எலும்பு முழுசாக அறுபடாமல் ஒரு நார் பிடித்துக்கொண்டது. என் மணிக்கட்டு தானாக ஒரு முறுக்கு முறுக்கிற்று. எலும்பு விடாவிட்டால் கடைசியில் ஒரு திருகு கொடுத்துப் பிய்ப்பது எங்கள் தொழில் பழக்கம். யோசித்துச் செய்வதில்லை, கை செய்துவிடும். துணுக்கு வந்தது. அதன் நுனியில் சவ்வு கிழிந்து தொங்கிற்று. ஜன்னலுக்குள்ளே வெள்ளைத் தண்டு பிதுங்கிக்கொண்டு மேலே வந்தது.

அது ஆடு. என் கண்ணுக்கு ஆடாகத் தெரியவில்லை. கருவியைத் தட்டில் வைத்தேன்.

"முறுக்கறதுதான் எல்லாருக்கும் முதல்ல வர்ற தப்பு" என்றார் டாக்டரம்மா. "அறுபடலன்னா விட்டுடணும். வெளிய எடுத்து, துடைச்சு, இன்னும் சின்னதா கடிக்கணும்."

"உங்க கை தவறினதே இல்லையா?"

"தவறியிருக்கு. சவ்வு கிழிஞ்சிருக்கு. தைச்சு மூடியிருக்கேன். அவங்க நல்லாத்தான் இருக்காங்க."

"என் வீட்டுக்காரிக்குத் தவறாதுன்னு சொல்லுங்க."

"சொல்ல மாட்டேங்க. கவனமா செய்வேன்னு மட்டும்தான் சொல்லுவேன்."

கறி பஞ்சு மாதிரி வேகும் என்று சத்தியம் பண்ணுகிற கடைக்காரனிடம் நான் வாங்க மாட்டேன். வேகவைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்பவன்தான் கறி தெரிந்தவன். வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன்: "சரி. போலாம்."

"என்ன பாத்தீங்க?"

"அந்தம்மா என்னைவிட மெதுவா வெட்டுது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்க வாயால இன்னொருத்தர நல்லாச் சொல்லி இப்பத்தான் கேக்கறேன்" என்றாள்.

ஆபரேஷன் அன்று தியேட்டர் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மச்சினன் எழுந்து நடப்பதும் உட்காருவதுமாக இருந்தான். "என்ன மச்சான், இவ்வளவு நேரம் ஆகுது?"

"ஆகட்டும்டா. அவசரப்பட்டா முறுக்கத் தோணும்."

அவனுக்குப் புரியவில்லை. நான் தியேட்டர் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

டாக்டரம்மா வெளியே வருவதற்கு முன்னால் பூட்டுதான் வந்தாள், கையில் ஒரு சின்ன எஃகுக் கிண்ணத்தோடு. "எடுத்தத வீட்டுக்காரங்களுக்குக் காட்டுவோம். நீங்க பாக்காம விடமாட்டீங்கன்னு டாக்டர் சொன்னாங்க."

மச்சினன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்தேன். அரிசி அரிசியாக எலும்பு. அதில் அவள் வலி இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லா ஓரமும் நறுக்கின நகம் மாதிரி சுத்தம். ஒன்றில்கூடப் பிய்ந்த நார் இல்லை, சவ்வு இல்லை. பூட்டு வாயைத் திறக்குமுன்னே, "கிழியல" என்றேன்.

"கிழியலதான்" என்றாள் பூட்டு. "உங்களுக்கு எதுக்குங்க டாக்டர் வந்து சொல்லணும்?"

"கால் வருமான்னு இதுல தெரியலையேம்மா."

"அது அவங்கதான் சொல்லணும்."

மறுநாள் காலையில் டாக்டரம்மா அவளைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தார். "எந்திரிங்க, மெதுவா." நான் ஒரு பக்கம் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். எழுந்தாள். வலது பாதம் தரையில் பட்டது. அவள் முகம் மாறியது.

"தரை சில்லுனு இருக்கு" என்றாள்.

டாக்டரம்மா பாதத்தைத் தூக்கச் சொன்னார். எல்லோரும் கீழே பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கட்டைவிரல் எழுந்தது. அதன் பின்னாலேயே பாதத்தின் முன்பக்கம், யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல, தரையை விட்டு மேலே வந்தது. முழுசாக இல்லை. ஆனால் வந்தது.

"இன்னும் வரும். நாள் ஆகும்" என்றார் டாக்டரம்மா.

நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"விடுங்க கொஞ்சம்" என்றாள். "நான் நிக்கறேன். உங்க கைதான் ஆடுது."