இரண்டு வெள்ளைத் தாள்கள்

ஒரு கறுப்புத் தோலையும் இன்னொரு கறுப்புத் தோலையும் ஜாஸ்மின் முன்னால் போட்டால், இரண்டும் ஒரே கறுப்பு இல்லை என்பதை டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவாள். ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியில் நான்கு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. வலது காலுக்கும் இடது காலுக்கும் வெட்டி வந்த துண்டுகளை டியூப்லைட்டுக்குக் கீழே பரப்பி, ஷேடு பொருந்துகிறவற்றை ஜோடி சேர்க்க வேண்டும். ஒரு ஷேடு இன்னொரு ஷேடோடு கலந்துவிட்டால் சூப்பர்வைசர் சாயங்காலம் வரை அதையே பேசிக்கொண்டிருப்பார். பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ரேஷன் பருப்பைக்கூட இவள் நிறம் பார்த்துப் பிரிக்கிறாள் என்று அம்மா ஆரோக்கியமேரி தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

மீதி நேரமெல்லாம் புத்தகம்தான். அதுவும் வேறு தேசத்துக் கதைகள். வெள்ளக்கரையிலிருந்து கம்பெனிக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். ஜன்னலோரம் ஜாஸ்மின், பக்கத்தில் ஆஃப்ரீன். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஜாஸ்மின் அந்தோணியார் தெரு, ஆஃப்ரீன் மசூதித் தெரு. ஆஃப்ரீன் படிக்க மாட்டாள், ஆனால் கேட்பாள். பாலாற்றுப் பாலம் வந்ததும் புத்தகத்தை மூடச் சொல்லி, "அந்தப் பனிநாட்டுக்காரன் இன்னா ஆனான், செத்துட்டானா?" என்று விசாரிப்பாள். செத்திருந்தால் அன்று முழுக்கத் தையல் மிஷினில் அவள் முகம் வாடி இருக்கும்.

அந்த ஏப்ரலில் ஊரில் ஒரே பேச்சு. வெள்ளக்கரை ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கப் போகிறார்களாம். சேர்த்தால் நல்லதா கெட்டதா என்று டீக்கடையில் ஆளுக்கொன்று சொன்னார்கள். மே தினத்தன்று கிராம சபையில் தீர்மானம் வரும் என்று தலைவர் கோவிந்தசாமி சொல்லியிருந்தார்.

இதற்கிடையில் வேலூரிலிருந்து டேனியல் என்ற ஆராய்ச்சி மாணவர் ஊர் ஜனங்களின் எண்ணத்தைத் தெரிந்துகொள்ள வந்தார். திருத்தமாக வாசிக்கத் தெரிந்த பெண் வேண்டும் என்று கேட்டதற்கு, அந்தோணியார் சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஜாஸ்மினைக் காட்டினார். டேனியல் நூற்றுப்பத்துத் தாள்களைக் கட்டாகக் கொடுத்தார். ஒவ்வொரு தாளிலும் ஒரே ஒரு கேள்வி. மேலே இருந்து ஒவ்வொன்றாக எடுத்து வீட்டு வரிசைப்படி கேட்க வேண்டும், எழுதியிருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும், சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது என்றார். வேறு எதையும் அவர் விளக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்ததுமே கண்ணில் உறுத்தியது. எல்லாம் வெள்ளைத் தாள்தான். ஆனால் ஒன்று சுண்ணாம்பு வெள்ளை, அடுத்தது தேங்காய்ப்பால் வெள்ளை. ஒன்றுவிட்டு ஒன்று கலந்து கிடந்தன. அச்சாபீஸ்காரன் அசால்ட்டாக இரண்டு லாட்டைக் கலந்துவிட்டான் என்று நினைத்தாள். அவள் கை சும்மா இருக்குமா? பத்து நிமிடத்தில் கட்டில் மேல் இரண்டு அடுக்கு, ஐம்பத்தைந்து, ஐம்பத்தைந்து. ஒரு தெருவுக்கு ஒரு லாட்டு என்று முடிவு செய்தபோது மனசுக்கு இதமாக இருந்தது.

முதல் ஞாயிறு சுண்ணாம்பு வெள்ளையோடு மசூதித் தெரு. அடுத்த ஞாயிறு தேங்காய்ப்பால் வெள்ளையோடு அவளுடைய அந்தோணியார் தெரு. இரண்டாவது வாரம்தான் கேள்வி கொஞ்சம் மாறியிருப்பதைக் கவனித்தாள். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நூலகத்தில் ஒரே வெளிநாட்டு நாவலுக்கு இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளைப் படித்திருக்கிறாள். ஒன்றில் கதாநாயகன் ஊரைவிட்டு ஓடினான், மற்றதில் ஊரிலிருந்து புறப்பட்டான். ஆள் ஒருவன்தான், ரயிலும் ஒன்றுதான். இதுவும் அப்படித்தானே?

தாள்களைத் திருப்பி அனுப்புவதற்கு முன் திண்டாடாமல் இருக்கட்டும் என்று தெருவாரியாக எண்ணி ஒரு துண்டுச்சீட்டில் குறித்தாள். மசூதித் தெருவில் ஐம்பத்தைந்துக்கு நாற்பத்தாறு பேர் ஆதரவு. அந்தோணியார் தெருவில் ஐம்பத்தைந்துக்கு நாற்பத்தெட்டு பேர் எதிர்ப்பு. எதிர்வீட்டுப் புகழேந்தி மாமா பால் வாங்க வந்தவர், சீட்டைப் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல் போனில் படமெடுத்து ஊர் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். கீழே ஒரு வரியும் எழுதினார்: 'ஊரைத் தூக்கிக் கொடுக்க மசூதித் தெரு சம்மதம். கொடுக்கமாட்டோம் என்கிறது அந்தோணியார் தெரு.'

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் பெண்கள் இரண்டு கும்பலாக நின்றார்கள். எப்போதும் புளியமரத்தடியில் ஒன்றாக நிற்பவர்கள். மசூதித் தெரு வார்டு உறுப்பினர் ஷஹீன் பானு, ஆஃப்ரீனின் அம்மா. மனை விலை ஏறட்டும் என்று அவர்தான் தெருவையே பேசி ஆமாம் சொல்ல வைத்தார் என்று குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள். பஸ் வந்தது. ஆஃப்ரீன் ஏறினாள். ஜாஸ்மினுக்குப் பக்கத்து இடத்தைத் தாண்டிப் பின்னால் போய் உட்கார்ந்தாள். பாலம் வந்தது, போனது. எவன் செத்தான் என்று யாரும் கேட்கவில்லை. புத்தகம் மடியில் திறந்தே கிடந்தது.

நான்கு நாள் அந்த இடம் காலியாகவே போனது. ஜாஸ்மினுக்கு அழுகையைவிட ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. ஷஹீன் பானு ஆன்ட்டியிடமும் நூறு நாள் வேலை அட்டை இருக்கிறது. நகராட்சி ஆனால் அந்த வேலை இல்லை. அப்புறம் எப்படி அவர் ஆதரவு என்று சொன்னார்?

ஐந்தாம் நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டேனியல் போன் செய்தார். தாள்கள் ஏன் தெருவாரியாகப் பிரிந்து வந்திருக்கின்றன என்று கேட்டார்.

"ஷேடு வேற வேறயா இருந்துச்சி சார். அதான் பிரிச்சேன்."

"இன்னா ஷேடு? எல்லாம் வெள்ளைத் தாள்தானேம்மா."

அவருக்கு அது தெரியவே தெரியாது. இரண்டு கேள்விகளையும் வெவ்வேறு ரீம் தாளில் அச்சடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர் மூலையில் இருந்த எண்ணை வைத்துத்தான் கலக்கியிருந்தார். பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வேறு வேறு கேள்வி போக வேண்டும். கேள்வியின் வார்த்தை மாறினால் பதில் எவ்வளவு மாறும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சியே. ஊர் சேர வேண்டுமா வேண்டாமா என்பது அல்ல. எல்லாம் வீணாகிவிட்டது, அடுத்த மாதம் புதிதாக எடுக்கலாம், அதுவரை யாரிடமும் சொல்ல வேண்டாம், சொன்னால் ஊரே உஷாராகிவிடும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஜாஸ்மின் டிபன் பாக்ஸை மூடினாள். தெரு பிரிந்து பதில் சொல்லவில்லை. தாள்தான் பிரிந்திருந்தது. பிரித்த கை அவளுடையது.

ஆனால் நம்புவதற்கு முன் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. இரண்டு கேள்விகளும் அவளுக்கு மனப்பாடம். சாயங்காலம் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஊராட்சியைக் கலைத்து, நூறு நாள் வேலையை நிறுத்தி, வீட்டு வரியை உயர்த்தும் திட்டத்தை ஆதரிக்கிறீர்களா என்று பத்து நாள் முன் கேட்டபோது, என் பொணத்தைத் தாண்டித்தான் என்று சொன்னவள் அவள். ஜாஸ்மின் இப்போது மற்றதை வாசித்தாள்: குடிநீர், கால்வாய், தெருவிளக்கு வசதிகள் கிடைக்க வெள்ளக்கரையை நகராட்சியோடு இணைப்பதை ஆதரிக்கிறீர்களா?

"தண்ணி வருதுன்னா எவ வேணான்னு சொல்லுவா?" என்றாள் ஆரோக்கியமேரி. கீரையிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. "ஆமான்னு எழுதிக்க."

அம்மா பொய் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை. அப்படியென்றால் அம்மாவின் எண்ணம் எங்கே இருக்கிறது? கீரைக்கட்டுக்குள் இருந்ததா, அல்லது கேள்வி போய்த் தட்டியபோதுதான் பிறந்ததா? மறுநாள் அதே தெருவில் இன்னும் மூன்று வீட்டில் கேட்டுப் பார்த்தாள். மூன்றில் இரண்டு வீட்டில் பதில் புரண்டது. மூன்றாவது வீட்டு செண்பகம் அக்கா மட்டும், எதைக் கேட்டாலும் வேண்டாம் என்றாள். அது ஏனோ ஜாஸ்மினுக்கு ஆறுதலாக இருந்தது.

மே தினம். பள்ளி மைதானத்தில் ஷாமியானா. இரண்டு தெருவும் இரண்டு பக்கம். ஷஹீன் பானு முதல் வரிசையில் முகத்தை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆஃப்ரீன். கோவிந்தசாமி வரவேற்புச் சொல்லி முடித்ததும் புகழேந்தி மாமா எழுந்து, கணக்கைச் சபையில் வாசித்து மினிட் புத்தகத்தில் ஏற்ற வேண்டும் என்றார். எந்தத் தெரு ஊருக்கு உண்மை, எது இல்லை என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும்.

ஏற்றிவிட்டால் அது புத்தகத்தில் நிற்கும். மையில் எழுதினால் அப்புறம் யார் பிரிப்பது? டேனியல் சொன்னது ஒரு பக்கம் காதில் ஒலித்தது. இவளும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று சொந்தத் தெரு சொல்லப்போவது இன்னொரு பக்கம். ஜாஸ்மின் எழுந்தாள்.

"அந்தக் கணக்கு தப்பு மாமா. தப்பு என்னோடது."

ஷேடு பிரித்த கதையைச் சொன்னாள். கம்பெனிப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள், இரண்டு பக்கமும். தாளிலும் ஷேடு பார்ப்பாளா என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் இரண்டு கேள்விகளையும் ஒன்றன்பின் ஒன்றாக, திருத்தமாக, ஒரு வார்த்தை சேர்க்காமல் சொன்னாள். முதலாவது மசூதித் தெருவுக்குப் போனது, இரண்டாவது நம் தெருவுக்கு வந்தது என்றாள்.

ஷஹீன் பானு எழுந்தார்.

"என்னைக் கேக்கசொல்ல நூறு நாள் வேலையப் பத்தி ஒரு வார்த்தையும் இல்லியே," என்றார் ஷஹீன் பானு, மெதுவாக. "என் கார்டுலயும் போட்டோ ஒட்டித்தான் இருக்குது."

"எங்களுக்குத் தண்ணியப் பத்தி இல்ல பானும்மா," என்றாள் பின்னாலிருந்து ஆரோக்கியமேரி. "வரிய மட்டும் காட்டி பயமுறுத்திட்டுப் போய்ட்டா, எம் பொண்ணு."

புகழேந்தி மாமாவுக்கு முகம் சிவந்தது. "சரி, ரெண்டும் ஏமாத்துன்னா எதுதான் சரியான கேள்வி? நீயே சொல்லு."

"ஏமாத்து இல்ல மாமா. ரெண்டுலயும் இருக்கறது நெசந்தான். பாதி பாதி நெசம். முழுசா எப்படிக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல."

நிஜமாகவே தெரியவில்லை. அதைச் சபையில் சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது அவமானமாக இல்லை, காற்றோட்டமாக இருந்தது.

அப்படியென்றால் கேள்வியை நாமே எழுதுவோம் என்றார் கோவிந்தசாமி, கொஞ்சம் எரிச்சலாக, சீக்கிரம் முடியும் என்று நினைத்து. முடியவில்லை. வேலை 'நிறுத்தப்படும்' என்பதா, 'கிடைக்காது' என்பதா? வரி 'உயரும்' என்று யார் சொன்னது, எவ்வளவு என்று எவனுக்காவது தெரியுமா? தண்ணீர் 'வரும்' என்பதற்கு என்ன உத்தரவாதம், 'வரலாம்' என்று போடு. தண்ணீர் முதலில் வர வேண்டும் என்றது ஒரு பக்கம், வேலைதான் முதலில் என்றது இன்னொரு பக்கம். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்பதே குழம்பிப்போயிருந்தது. தண்ணீர்க் கட்சியில் ஆரோக்கியமேரி, வேலைக் கட்சியில் ஷஹீன் பானு. ஒரு மணிக்கு மினிட் புத்தகத்தில் ஒன்றரை வரிதான் ஏறியிருந்தது, அதிலும் இரண்டு அடித்தல். வரி எவ்வளவு, தண்ணீர் எப்போது, வேலைக்கு மாற்று என்ன என்று நகராட்சியிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது, பதில் வந்த பிறகு மறுபடி கூடுவது என்று சபை கலைந்தது. புகழேந்தி மாமா யாரிடமும் பேசாமல் போனார். சாயங்காலம் குழுவிலிருந்து அந்தப் படம் மட்டும் காணாமல் போயிருந்தது.

டேனியலுக்கு ஜாஸ்மினே போன் செய்து நடந்ததைச் சொன்னாள். இனி வெள்ளக்கரை எனக்கு உதவாது, வேறு ஊர்தான் பார்க்க வேண்டும் என்று அவர் பெருமூச்சு விட்டார். பிறகு, அந்தச் சுண்ணாம்பு வெள்ளை எது, தேங்காய்ப்பால் வெள்ளை எது என்று கேட்டார். பத்து நிமிடமாகத் தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம், இன்னும் தெரியவில்லையாம்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஆஃப்ரீன் ஏறினாள். ஒரு நொடி நின்றாள். பிறகு ஜாஸ்மின் மடியிலிருந்த புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாலம் வந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான்.

"எங்க அம்மி உம்மேல இன்னும் கோவமாத்தான் இருக்குது," என்றாள். "எங்கிட்ட அந்த இன்னொரு கேள்வியக் கேட்டிருந்தா நானும் சண்டைக்கி வந்திருப்பேன்லன்னு சொல்லுது."

ஜாஸ்மின் தலையாட்டினாள்.

"ஊரயெல்லாம் கேட்டியே, உன்ன யாருடி கேட்டாங்க?"

யாரும் கேட்கவில்லை. அது ஜாஸ்மினுக்கு இந்த நிமிடம்தான் உறைத்தது. நூற்றுப்பத்து வீடு ஏறி இறங்கி, அம்மாவைக்கூடக் கேட்டவள், தன்னை மட்டும் கேட்கவில்லை. ஊர் சேரலாமா, கூடாதா? மனசுக்குள் கேட்டுப் பார்த்தாள். கேள்வி தண்ணீரோடு தொடங்கியது. அழித்தாள். வேலையோடு தொடங்கியது. அதையும் அழித்தாள்.

"இரு," என்றாள். "இன்னும் கேள்வியே வரல."

"கம்பெனி வர்றதுக்குள்ள வருமா?"

"தெரியல."

ஆஃப்ரீன் ஜன்னல் பக்கம் சாய்ந்து புத்தகத்தை எடுத்து அவள் கையிலேயே வைத்தாள். "அப்போ அது வர்ற வரைக்கும் இதச் சொல்லு. இத்தினி நாளுல எவன் செத்தான்?"