ஓரத்து நிரை

பெரியாயியின் ரேடியோ கெட்டுப்போனது நல்லதுக்குத்தான் என்று யாராவது சொன்னால் அவள் அடிக்கவே வந்துவிடுவாள். ஆனால் அது கெடாமல் இருந்திருந்தால் அவள் பண்டாரவளையில் ஹாஷிம் முதலாளியின் கடைக்குள் கால் வைத்திருக்க மாட்டாள். தோட்டத்துக் கிளாக்கர் சிற்றம்பலமும் கடைசியில் அந்தக் கடைப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

ஹாஷிம் ரேடியோ பழுது பார்க்கிறவர். குவைத்தில் ஆறு வருஷம் வேலை செய்துவிட்டு எண்பத்தாறாம் வருஷம் ஊர் திரும்பியபோது, மற்றவர்களைப் போலத் தங்கமும் புடைவையும் கொண்டுவராமல், ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டியைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். வீடியோ கேம். டோக்கன் போட்டால் கண்ணாடிக்குள் நண்டு மாதிரி ஐந்து வரிசை உருவங்கள் வரும். அவை பக்கவாட்டில் நடந்து நடந்து கீழே இறங்கும். நாம் அடியில் நின்று, கம்பியைச் சாய்த்து நகர்ந்து, பொத்தானை அழுத்திச் சுட வேண்டும். நமக்கு மூன்று உயிர். அவை தரையைத் தொட்டுவிட்டால் எத்தனை உயிர் மிச்சமிருந்தாலும் ஆட்டம் முடிந்தது.

கடையில் ஒரு சட்டம் இருந்தது. தோற்றவர் சும்மா இறங்கிப் போகக்கூடாது. சுவரோரப் பலகையில் உட்கார்ந்து, எப்படித் தோற்றோம் என்று காத்திருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். காத்திருக்கிற ஆட்கள் சலித்துப்போய் எழுந்து போகாமல் இருக்க ஹாஷிம் செய்த தந்திரம் அது. ஆனால் நாளாக ஆக, ஆட்டத்தைவிட அந்தப் பேச்சைக் கேட்கத்தான் கூட்டம் வந்தது.

"அதுங்க நண்டில்ல, பேய். என் கண்ணையே பாக்குதுங்க" என்பார் பஸ் டிரைவர். மரக்கறி லொறிக்காரர் அதை நம்ப மாட்டார். அவருக்கு அவை சந்தை நாளில் மலையிறங்கி வருகிற லொறிகள். சிற்றம்பலம் மட்டும், தான் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் வாசித்ததாகவும், அவை வேற்றுக் கிரகத்து ஆட்கள் என்றும் சொல்வார். அதற்குமேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். படித்தவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்.

ஆனால் தோற்ற கதைக்கு வந்தால் படித்தவரும் படிக்காதவரும் ஒன்றுதான். கம்பி இளகியிருக்கிறது, பொத்தான் ஒட்டுகிறது, கரண்ட் குறைவாக வருகிறது, பின்னால் நின்றவன் இருமிவிட்டான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பெரியாயிக்கு அந்தப் பழமொழி நாக்கு நுனிவரை வரும், விழுங்கிக்கொள்வாள்.

அவள் நமுனுகுல மலையடியில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். வயது முப்பத்தாறு. புருஷன் செத்து நான்கு வருஷம். ரேடியோவைக் கொடுத்த அன்று ஹாஷிம், "அடுத்த ஞாயித்துக்கிழம வாங்க தங்கச்சி" என்றார். அடுத்த ஞாயிறும் அதையே சொன்னார். இப்படி ஐந்து ஞாயிறு. ஐந்து ஞாயிறும் அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பலகையோரம் நின்று அந்தக் கண்ணாடியையே பார்த்தாள். பெண்கள் அந்தப் பலகையில் உட்காருவதில்லை. உட்காராதே என்று யாரும் சொன்னதும் இல்லை.

ஐந்தாம் ஞாயிறு லொறிக்காரர் தோற்றுப் போய்க் கம்பியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது, அவளையும் அறியாமல் வார்த்தை வந்துவிட்டது.

"கம்பிமேல என்னாங்க பழி? நீங்க நடுவுலயே சுடுறீங்க. ஓரத்த மொதல்ல எடுங்க."

எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"அதுங்க செவுத்தத் தொட்டாத்தானே ஒரு படி கீழ எறங்குது?" என்று அவள் விடாமல் சொன்னாள். "ஓரத்துல இருக்கிறத எடுத்துட்டா, மிச்சம் இருக்கிறது செவுத்துக்குப் போய்ச் சேர ரொம்ப நேரம் ஆகும். அதுக்குள்ள நீங்க நிதானமாச் சுடலாம்."

அதைக் கண்டுபிடிக்க அவள் பத்திரிகை எதையும் வாசிக்கவில்லை. மலையில் பெண்கள் ஆளுக்கொரு நிரை பிடித்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவே வரிசையாக ஏறுவார்கள். ஓரத்து நிரை யாருக்கும் வேண்டாதது. காற்று அங்கேதான் அடிக்கும், அட்டையும் அங்கேதான் கடிக்கும். பதினைந்து வருஷமாக, வேலை பிரிக்கிற கங்காணி அதைப் பெரியாயி தலையில்தான் கட்டினார். ஓரம் பிந்தினால் வரிசை முழுவதும் கோணும், ஓரம் முந்தினால் மற்றவர்கள் திணறுவார்கள். ஓரத்தில் நின்றவளுக்குத்தான் ஓரம் தெரியும்.

பலகையில் இருந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். "கூடையையும் கொண்டாந்திருக்கா. நண்டுக் கொழுந்து பறிக்கப் போறா போல" என்றார் பஸ் டிரைவர். சிற்றம்பலம் மட்டும் சிரிக்கவில்லை. அப்போது அவள் அதை மரியாதை என்று நினைத்தாள். பாவம்.

ஆறாம் ஞாயிறு ரேடியோ தயாராகிவிட்டது. எடுத்துக்கொண்டு கிளம்பப் போனவள் பலகைப் பக்கம் கேட்ட குரலில் நின்றுவிட்டாள். சிற்றம்பலம் ஆடி முடித்து உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார். இதுவரை யாரும் எடுக்காத புள்ளி எடுத்திருந்தார். பட்டியலின் உச்சியில் அவருடைய மூன்றெழுத்து, எஸ், ஐ, டி, மின்னிக்கொண்டிருந்தது.

"இதில ஒரு சூட்சுமம் இருக்கு" என்றார் அவர். "நான் ஒரு கிழமையா யோசிச்சுக் கண்டுபிடிச்சனான். ஓரத்து வரிசையை முதல்ல அடிக்கவேணும். அப்பதான் அதுகள் சுவருக்குப் போய்ச்சேரச் சுணங்கும்."

"அடடா!" என்றார்கள் எல்லாரும். போன வாரம் வயிறு குலுங்கச் சிரித்த அதே ஆட்கள்.

 பெரியாயிக்குத் தன்னுடைய சேலையை யாரோ கட்டிக்கொண்டு தன் முன்னாலேயே நடப்பது போல இருந்தது. சிற்றம்பலம் அவளுடைய தோட்டத்துக் கணக்கெழுதும் கிளாக்கர். அவரை எதிர்த்துப் பேசிவிட்டு நாளைக்குக் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டியவள் அவள். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் பேசினாள்.

"ஐயா, அது நான் சொன்னது."

"என்னது?"

"போன ஞாயித்துக்கிழம, இதே எடத்துல நின்னு நான் சொன்னேன். எல்லாரும் கேட்டுட்டுத்தானே சிரிச்சீங்க?"

பஸ் டிரைவர் கூரையைப் பார்த்தார். லொறிக்காரர் காலைப் பார்த்தார்.

"உனக்கு இதில என்ன தெரியும்?" என்றார் சிற்றம்பலம். "நீ ஒருக்காவெண்டாலும் இதில கை வைச்சனியே? அந்தக் கறைக் கையோட?"

பெரியாயி கையைப் பார்த்தாள். கொழுந்துக் கறை விரலெல்லாம் கறுத்துக் கிடந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கறை. அதைப் பார்த்து வெட்கப்பட அவளுக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

"மொதலாளி, ஒரு டோக்கன் குடுங்க."

ஹாஷிம் கிளாக்கரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "தங்கச்சி, காசு வீணாப் போகும்" என்றார்.

"வீணாப் போனா ஏங் காசு. குடுங்க."

அவள் ஆட ஆரம்பித்தபோது கம்பியை எந்தப் பக்கம் சாய்ப்பது என்றுகூடத் தெரியவில்லை. முதல் உயிர் போனது. பலகையில் சிரிப்பு. இரண்டாவது உயிரில் கைக்குப் பழக்கம் வந்தது. கொழுந்து பறிக்கிறவள் கையைப் பார்க்க மாட்டாள். கண் அடுத்த தளிருக்குப் போயிருக்கும், விரல் தன்பாட்டில் வேலை செய்யும். இந்த ஆண்கள் எல்லாரும் பொத்தானைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் ஆடினார்கள். அவள் ஓரத்தை எடுத்தாள், அடுத்த ஓரத்தை எடுத்தாள். திரை காலியானது. அடுத்த திரை வந்தது. அதுவும் காலியானது. மூன்றாவது திரையில் கடைசி நண்டு தறிகெட்டு ஓடும், அங்கேதான் எல்லாரும் கவிழ்வார்கள். அவள் அதைத் துரத்தவில்லை. நின்ற இடத்தில் நின்றாள். அதுவாக வந்து மாட்டியது.

ஆட்டம் முடிந்தபோது பெட்டி பெயர் கேட்டது. கிளாக்கரின் புள்ளியைத் தாண்டியிருந்தாள்.

சிற்றம்பலம் எழுந்து வந்து கம்பியில் கை வைத்தார். "தள்ளு. உனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. நான் போட்டுவிடுறன்."

"கைய எடுங்க ஐயா."

அவர் எடுத்தார். அவளுக்கே அது ஆச்சரியம்.

"மொதலாளி, ஏம் பேருக்கு என்னா எழுத்து?"

"பி, ஈ, ஆர்" என்றார் ஹாஷிம். ஒவ்வொரு எழுத்தும் வரும்போது அவர் "அதுதான்" என்றார், அவள் பொத்தானை அழுத்தினாள். வோட்டர்களின் பெயர் எழுதிய இடாப்பில் அவள் பெயர் இல்லை. பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டுப் பத்து வருஷமாகியும் பதில் இல்லை. ஹாஷிம் கடைப் பெட்டியில் இருந்தது, அதுவும் எல்லாருக்கும் மேலே. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அவள் ரேடியோவை எடுக்கத் திரும்பினாள். கதவோரம் சுவரில் பெட்டியின் பிளக் இருந்தது. வயரை மிதிக்காதீர்கள் என்று ஹாஷிம் நாளுக்கு நூறு தரம் கத்துவார். சிற்றம்பலம் வெளியே போகிறவர் போல அந்தப் பக்கம் நடந்தார். அவருடைய சப்பாத்துக் கால் வயரில் கொளுவி ஒரு இழுப்பு இழுத்ததை அவள் கண்ணால் பார்த்தாள். பெட்டி அணைந்தது.

ஹாஷிம் ஓடிப்போய்ப் பிளக்கைச் செருகினார். வெளிச்சம் வந்தது. பட்டியல் வெறுமையாக இருந்தது.

"கரண்ட் போனா எல்லாப் பேரும் அழிஞ்சிடும் தங்கச்சி. மெசினுக்கு ஞாபகம் இல்ல" என்றார் ஹாஷிம்.

"அங்க ஒண்டும் இல்லையே" என்றார் சிற்றம்பலம். "ஆர் கண்டது?"

பலகையில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் வாய் திறக்கவில்லை. தோற்றதற்கு ஆயிரம் காரணம் சொல்லத் தெரிந்த வாய்கள். அழிந்த பெயரைவிட அந்த ஆறு வாய்தான் அவளைச் சுட்டது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ரேடியோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். எல்ல என்ற ஊர் தாண்டியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதது போதும் என்று பட்டது.

திங்கட்கிழமை பெரட்டில் கங்காணி அவளுக்குப் பள்ளத்து மலையின் ஓரத்து நிரையைக் கொடுத்தார். வழுக்குப் பாறையும் முள்ளும் உள்ள இடம். "கிளாக்கரய்யா ஒன்னப் பத்தி விசாரிச்சாரு. டவுனுல ரொம்ப ஆட்டமாமே?" என்றார்.

"ஆமாங்க கங்காணி, நல்லா ஆடுனேன்" என்றாள் பெரியாயி.

அன்றைக்கு மலையில் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து நிரையில் மூக்காயி, அதற்கடுத்து இன்னும் பத்துப் பெண்கள். அந்தப் பெட்டியை யாரும் கண்ணால் கண்டதில்லை. பெரியாயி நண்டுகளைச் சொன்னாள், சுவரைச் சொன்னாள், ஓரத்தைச் சொன்னாள். எதிர்ச்சரிவில் தெரிந்த தேயிலை வரிசைகளைக் காட்டி, எது முதலில், எது அடுத்து என்று சொல்லிக் கொடுத்தாள். அவள் சொன்னதை மூக்காயி அடுத்த நிரைக்குக் கத்துவாள். அது அப்படியே மலையின் மறுமுனை வரை போய், அங்கிருந்து ஒரு கேள்வி திரும்பி வரும்.

"அதுங்க ஏங் கீழ எறங்குதாம்?"

"மேல எடம் பத்தாம எறங்குதுங்க போல."

"நமக்கு மூணு உசுரா? இங்க ஒண்ணக் காப்பாத்தவே பெரும்பாடா இருக்கு!"

சிரிப்பு மலை முழுக்க ஓடியது. சனிக்கிழமை வருவதற்குள் பன்னிரண்டு பேருக்கும் அந்த ஆட்டம் மனப்பாடம்.

ஞாயிறு காலை பன்னிரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். ஹாஷிம் கடையைத் திறந்து திரும்பிப் பார்த்தால், பலகை முழுக்கப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஆளுக்கொரு கூடையோடு. அவர் பேசாமல் பிளக்கைச் செருகி, அதன் முன்னால் ஒரு பழைய ரேடியோப் பெட்டியை நகர்த்தி வைத்தார். அதை வைக்க அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மூக்காயி முதலில் ஆடினாள். ஒரே திரையில் கவிழ்ந்து வந்து உட்கார்ந்தாள்.

"எப்படித் தோத்த?" என்றாள் பெரியாயி.

"எனக்கு அவசரம். நடுவுல சுட்டுட்டேன்" என்றாள் மூக்காயி. கம்பி, கரண்ட் ஒன்றும் அவள் வாயில் வரவில்லை.

ஐந்தாவது ஆள் ஆடிக்கொண்டிருந்தபோது சிற்றம்பலம் வந்தார். கடை நிறைந்திருந்ததைக் கண்டு கொஞ்சம் தயங்கினார். பிறகு நேரே பெட்டிக்குப் போனார்.

"ஐயா, நிரை மாறக்கூடாது" என்றாள் பெரியாயி. "எங்களுக்குப் பொறகுதான் நீங்க."

"எனக்கு உதுக்கெல்லாம் நேரமில்லை" என்று அவர் திரும்பினார்.

"போறதா இருந்தா போங்க. ஆனா சொல்லிட்டுப் போங்க."

"என்னத்தைச் சொல்லுறது?"

"தோத்தவங்க கதை சொல்லாமப் போகக்கூடாதுங்கிறது இந்தக் கடைச் சட்டம். போன கெழம எங்கிட்ட நீங்க தோத்தீங்க, அந்தக் கதையச் சொல்லல. அந்தப் பிளக்கு எப்படிக் கழண்டுச்சுன்னு இவங்களுக்கும் தெரியணும்ல? ஆர் கண்டதுன்னு கேட்டீங்க. நாங் கண்டேன்."

சிற்றம்பலம் ஹாஷிமைப் பார்த்தார். ஹாஷிம் மேசையில் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தினார்.

"சட்டம் சட்டம்தான் ஐயா" என்றார். "இரிங்க."

வாசலில் பஸ் டிரைவரும் லொறிக்காரரும் வந்து நின்றிருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். இரண்டு பேரும் வழி விடவில்லை. லொறிக்காரர்தான் மெல்ல, "அந்தம்மா பேரு மேல இருந்திச்சு, நானும் பாத்தேன்" என்றார். ஒரு வாரம் பிந்தி வந்த வார்த்தை. பெரியாயி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெண்கள் கூடைகளை நெருக்கிக்கொண்டு பலகையில் கொஞ்சம் நகர்ந்தார்கள். ஓரத்தில்தான் இடம் இருந்தது. சிற்றம்பலம் அங்கே போய் உட்கார்ந்தார்.

"ம், சொல்லுங்க" என்றாள் பெரியாயி.