மூணு தட்டு, ஏறிக்கோ

குழந்தைப் பாட்டு என்று இப்போது போனில் வருகிறதே, அதைப் போடுகிறவர்கள் யாருக்கும் காது கிடையாது என்பது என் முடிவு. மூக்கால் பாடும் ஒரு கம்ப்யூட்டர் குரல், பின்னால் டொய்ங் டொய்ங் என்று ஒரு சத்தம், அதே நாலு வரி நாற்பது தடவை. குழந்தை விரும்பிக் கேட்கிறதாம். வேறு என்ன கொடுத்துப் பார்த்தீர்கள்? பெற்றவர்கள் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் பதினாறு வருஷமாகச் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவன், பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். எனக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கோபத்தில்தான் நானே ஏழு பாட்டு போட்டேன் என்று எங்கள் தங்கவயல் ஊரான கே.ஜி.எஃப். முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய். என் மகள் எலைனுக்காகப் போட்டேன்.

எலைனுக்கு நாலரை வயது நடந்தபோது என் மனைவி டெய்சிக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை கிடைத்தது. மூன்று பேருமே போகலாம் என்றாள். சர்ச்சையும் அதன் கொயர் பாட்டுக்குழுவையும் விட்டு, அங்கே வந்து உன் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடவா என்று குதித்தேன். "போறதுன்னா போ" என்றேன். அவள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் நாலரை வருஷம் ஊர்ப்பக்கமே வரவில்லை. நானும் வா என்று சொல்லவில்லை. எனக்கு வாய் மட்டும் நீளமில்லை, வீம்பும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எலைன் வீடியோவில் வருவாள். டெய்சி போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

"சாப்டியாம்மா?"

"சாப்டேன்பா."

"ஸ்கூலு எப்டி போவுது?"

"ஓகேப்பா."

ஐந்து நிமிஷத்தில் பேச்சு வற்றிவிடும். அதற்கப்புறம் அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் சுரங்கக் கம்பெனி காலத்து ஸ்கெலட்டன் வீட்டில் நானும் சுவரும்தான். சில நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்ததும் "யாராவது இருக்கீங்களா" என்று சத்தமாகக் கேட்பேன். பைத்தியம் இல்லை. பேச ஆள் இல்லாவிட்டால் தொண்டை கட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அப்படி ஒரு சாயங்காலம் போட்டதுதான் கேஜுப் பாட்டு. கேஜு என்றால் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டு. அதை மணியடித்துத்தான் ஓட்டுவார்கள். மூன்று தட்டினால் ஆள் ஏறுகிறது, இரண்டு தட்டினால் இறக்கு, ஒன்று தட்டினால் நிறுத்து. சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆனாலும் இந்தக் கணக்கு இங்கே எல்லா வீட்டிலும் தெரியும். எலைன் சின்னதாக இருக்கும்போது நான்தான் அவளுக்குக் கேஜு. முதுகில் மூன்று தட்டுத் தட்டித் தூக்குவேன். இரண்டு தட்டி இறக்குவேன். பாதியில் ஒன்று தட்டி அந்தரத்தில் நிறுத்துவேன். அதற்குத்தான் அவள் அப்படிச் சிரிப்பாள். அதையே பாட்டாக்கினேன்.

மூணு தட்டு, ஏறிக்கோ
ரெண்டு தட்டு, எறங்கிக்கோ
ஒரே தட்டு, நின்னுக்கோ
அப்பா கழுத்தக் கட்டிக்கோ

மெட்டைக் கொஞ்சம் கெட்டியாகவே போட்டேன். கீழே ஒரு நல்ல பேஸ், நடுவில் கிட்டார், கடைசி வரியில் சுருதி ஒரு படி இறங்கும். குழந்தைக்குத்தானே, இது போதும் என்று எங்கேயும் விடவில்லை. இன்டர்நெட்டில் ஏற்றியது லாய்ட். என் கொயர்க்காரன், தினமும் ரயிலில் பெங்களூர் போய் வேலை பார்த்து வருகிறவன், இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கு அப்பன்.

ஒரு மாசம் கழித்து வந்து சொன்னான். "இன்னாடா சைலஸு, இப்டி பண்ணிட்ட? பசங்க தூங்கிகினு இருக்கு, நான் ரயில்ல ஒக்காந்து இத கேட்டுகினு போறேன். பக்கத்துல இருக்கறவன் இன்னா பாட்டுன்னு கேட்டா, சொல்ல வெக்கமா கீது."

அதுபோல நிறைய பேர் எழுதினார்கள். பிள்ளையை இறக்கிவிட்ட பிறகும் காரில் ஓடவிடுகிறோம் என்று ஒரு அம்மா எழுதியிருந்தாள். எனக்குப் பெருமை தலைக்கேறியது. ஆனால் எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஆளின் பதில். ஏழு பாட்டையும் எலைனுக்கு அனுப்பியிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டைவிரல் பொம்மை வந்தது.

போன மாசம் டெய்சியிடமிருந்து மெசேஜ். பெங்களூரில் ஏதோ சர்டிஃபிகேட் வேலையாக வருகிறார்களாம், ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு நாள் நம் சர்ச் அறுப்பின் பண்டிகைக்கு வந்துவிட்டுச் சாயங்காலமே திரும்பிவிடுவார்களாம். அன்றைக்கு மத்தியானம் சர்ச் ஹாலில் குழந்தைகள் நிகழ்ச்சி, என் பாட்டுகள்தான். மனசுக்குள் முழுசாகத் திட்டம் போட்டுவிட்டேன். கேஜுப் பாட்டின் கடைசிச் சுற்றை எலைனுக்கு வைத்துக்கொள்வது. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள், அதை டெய்சி பார்ப்பாள், அப்புறம் மூன்று பேரும் வீட்டுக்குப் போவோம். இதற்காக ஒரு புதுச் சட்டைகூட எடுத்தேன்.

அவர்கள் வந்தபோது ஹால் நிறைந்துவிட்டது. டெய்சி கடைசி வரிசையில் உட்கார்ந்தாள், கொஞ்சம் இளைத்திருந்தாள். பக்கத்தில் எலைன். முன்னால் இருந்தவர்களின் தலைகளுக்கு நடுவில் அவள் முகம் மட்டும் தெரிந்தது. போனில் தெரிகிற அதே முகம், கண்ணாடி போட்ட முகம். கையசைத்தேன். அவளும் அசைத்தாள்.

நான் "மூணு தட்டு" என்றதும் அப்பன்களும் அம்மாக்களும் எழுந்து நின்று பிள்ளைகளைத் தூக்கினார்கள். பாதியில் நிறுத்தும்போது ஹாலே கத்தியது. பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம் ஆடினார்கள். அறுப்பின் காணிக்கையாக வந்த பூசணிக்காயையும் கரும்பையும் ஏலத்துக்கு அடுக்கிக்கொண்டிருந்த ஆட்கள்கூட வேலையை விட்டுவிட்டு வந்து நின்று பாடினார்கள். லாய்ட் மூச்சு வாங்க, பிள்ளையை மாற்றி மாற்றித் தூக்கினான்.

மைக்கில் சொன்னேன். "கடைசித் தட்டு என் மகளுக்கு. எலைன், வாம்மா."

அவள் எழுந்தாள். எழுந்துகொண்டே இருந்தாள். நாலரையும் நாலரையும் ஒன்பது என்ற கணக்கு எனக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் நாலரை வருஷம் கழுத்துக்கு மேலேதான் பார்த்திருக்கிறேன். நடந்து வந்தவள் என் மார்புக்கு இருந்தாள். நீளமான கால்கள், பெரிய ஷூ. சுற்றிலும் மூன்று வயசும் நாலு வயசும் தரையில் குதிக்க, அவள் என் முன்னால் நின்று ரொம்ப மரியாதையாகச் சிரித்தாள்.

திரும்பிப் போ என்று சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் வீம்பாயிற்றே. முதுகில் மூன்று தட்டித் தூக்கினேன்.

தூக்க முடியவில்லை. இடுப்பில் ஒரு பிடி பிடித்தது. அவள் பாதம் தரையைவிட்டு ஒரு விரல்கூட எழும்பவில்லை. அப்போது எலைன் என் தோள்களில் கையை ஊன்றி, சத்தமில்லாமல் முழங்காலை மடக்கிக் கால்களைப் பின்னால் தூக்கிக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்கு நான் தூக்கியதுபோல இருக்கட்டும் என்று. ஹால் கை தட்டியது. கழுத்தைக் கட்டிக்கொள்ளும் வரி வந்தபோது அவள் தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த வரியை நான் பாடவில்லை. கூட்டமே பாடி முடித்தது.

வெளியே வாடகைக் கார் தயாராக நின்றது. எலைன் ஏறுவதற்கு முன் என்னிடம் வந்தாள்.

"பாட்டு சூப்பரா இருக்குப்பா. குட்டிப் பசங்களுக்குப் புடிக்கும்."

"ஒனக்கு?"

"நான் அவ்ளோ கேக்கலப்பா. சாரி. அம்மாதான் எப்பவும் போட்டுகிட்டே இருப்பாங்க."

டெய்சியைப் பார்த்தேன். அவள் பையை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தாள். "நெஜமாவா?" என்றேன்.

"ஷிஃப்ட்டு முடிஞ்சு வந்து கேப்பேன்" என்றாள் டெய்சி, திரும்பாமல். "கிச்சன்ல நின்னுகினு. சோறு ஆவற வரைக்கும். ஏழும் மனப்பாடம் எனக்கு."

"நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்குங்க." டிக்கியைச் சாத்தினாள். "ஏழு பாட்டுலயும் அப்பா வர்றாரு. நெலா வருது, ரயிலு வருது, பன்னிக்குட்டிகூட ஒண்ணு வருது. ஒரு எடத்துலகூட அம்மா இல்ல. எங்கியாவது வந்துடும், வந்துடும்னு ஒவ்வொண்ணா கடைசி வரைக்கும் கேட்டேன்."

அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினான். எதையாவது சொல்லி நிறுத்தவேண்டும் என்று ஜன்னல் பக்கம் ஓடினேன். மன்னிச்சுக்கோ என்பதோ, இருந்துட்டுப் போ என்பதோ வாய்க்கு வரவில்லை.

"டெய்சி, ஒனக்கு ஷிஃப்ட்டு எத்தன மணிக்கு முடியும்?" என்றேன்.



"நாலரை வருஷமா ஒரே ஷிஃப்ட்டுதாங்க" என்றாள். "இப்பதான் கேக்கறீங்க."

கார் நகர்ந்துவிட்டது.